தங்கராஜா பிரேக்கர் மாட்டிய காதை

வாழி தங்கராஜா! மஞ்சு தவழும் மலைகள் சூழ்ந்த ஊவா நன்னாட்டில், பதுளை மாநகருக்கு மேலே பசுந்தேயிலைப் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில், கீழ் லயமென்னும் வரிசை வீடுகளில் நாலாம் காம்பராவை ஆளும் நாயகனே! கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசுமுள் உன் கண் பட்டதும் நடுங்கி நேரே நிற்கும் நிறுவைவேந்தே! இருபது ஆண்டுகளாகப் பெண்கள் பறித்து வந்த பச்சைக் கொழுந்தைக் கொக்கியில் தொங்கவிட்டு, கிலோக்கணக்கை மலைக்கு மலை எதிரொலிக்கக் கூவிக் கூவித் தொண்டை தடித்தவனே! புஷ்பத்தின் கணவனே, வாழி! கட்டைவிரல் அகலமே உள்ள வெள்ளைப் பிளாஸ்டிக் அரக்கன் ஒருவனோடு நீ பொருத பெரும்போரை, அதில் நீ இருமுறை வீழ்ந்ததையும் ஒருமுறை எழுந்ததையும், கூட்டாமல் குறைக்காமல் சொல்லப் புகுகின்றோம். கூட்டினாலும் கொஞ்சமாகத்தான் கூட்டுவோம்.

கம்பிவழி வரும் கண்காணாத் தாயே! சொல்லாமல் வருபவளே, சொல்லாமலே போகிறவளே, தூறல் விழுந்தாலே தலைமறைவாகும் மகராசியே, மின்னென்னும் பேராளே! எம் நாவில் வந்து அமர வேண்டா, அமர்ந்தால் நாவு கருகும். சற்றுத் தள்ளி நின்று, இந்தக் காதை முடியும்வரை மட்டும் போகாதிருப்பாயாக.

எந்தப் பெரும்போருக்கும் ஒரு காரணம் உண்டு. இந்தப் போருக்குக் காரணம் உளுந்து வடை.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நாளுக்கு ஒரு லயம் உபயம் செய்வது வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கீழ் லயத்தின் முறை. கோயிலில் கூட்டம் கூடியபோது, மேல் லயத்து மாதரசி குணமணி எழுந்தாள். போன வருடம் இருநூற்றைம்பது வடையைச் சூடு ஆறாமல் கொண்டுவந்து இறக்கிய புகழுக்கு உரியவள் அவள். அந்தப் புகழ் ஒரு வருடமாகியும் ஆறாதிருந்தது. அவள் மொழிந்தாள்:

"கீழ் லயத்துல மாவு ஆட்ட வசதி இல்லன்னா வெக்கப்படாம சொல்லிருங்க. உளுந்த நம்ம வீட்டுக்கு அனுப்புங்க, நான் ஆட்டித் தர்றேன்."

கேட்டவர்கள் சிரித்தார்கள். அப்போது, பெண்கள் பக்கத்தின் கடைசி வரிசையிலிருந்து புஷ்பம் எழுந்தாள். இருபது ஆண்டு கொழுந்து பறித்த கையும், அந்த இருபது ஆண்டில் ஒரு கூட்டத்திலும் திறக்காத வாயும் உடையவள். அன்று வாய் திறந்தாள்.

"முந்நூறு வடை. எங்க வீட்டு மாவுல. மத்தியானப் பூசைக்கு முன்னாடி."

நாற்பது பேர் கேட்டார்கள். ஆண்கள் பக்கத்தில் தூணோடு சாய்ந்திருந்த தங்கராஜாவும் கேட்டார். மனைவியின் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. பெருமை நெஞ்சில் பொங்கி வாய்வரை வந்து, அங்கே நில்லாமல் வெளியே கொட்டியது. "கரண்டு வேலைய நான் பார்த்துக்கிறேன்!" என்று அவரும் முழங்கிவிட்டார். அதுவரை அவர் பார்த்த கரண்டு வேலை இரண்டு பல்பு மாற்றியது. அவற்றில் ஒன்று எரிந்தது.

சனிக்கிழமை மாலை, ஹாலிஎலயில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் புஷ்பத்தின் அண்ணன் தன் கடைக் கிரைண்டரை லொறியில் ஏற்றி அனுப்பினான். கல் வயிறும் இரும்புக் கழுத்தும் உடைய மதயானை அது; சாய்த்து மாவை ஊற்றும் வகை. மூவர் சுமந்து, இருவர் தள்ளி, ஒருவர் யோசனை சொல்லி, நாலாம் காம்பராவின் அடுப்படிக் குசினிக்குள் அதைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யோசனை சொன்னவர் தங்கராஜா.

ஞாயிறு புலர்ந்தது. விடியுமுன் ஊறப்போட்ட உளுந்து வெள்ளை வெள்ளையாய் வீங்கி நின்றது. காலை ஆறரைக்குத் தங்கராஜா பால் சேராத தமது பிளேன்டீக்காகக் கெட்டிலில் தண்ணீர் ஊற்றிச் சுவிட்சைத் தட்டினார். அவர் பிளேன்டீ இல்லாமல் எந்த நாளையும் தொடங்கியவர் அல்லர். தேயிலைக்குள் பிறந்து தேயிலைக்குள் வளர்ந்தவருக்கு அது உரிமை. தண்ணீர் இளஞ்சூடு ஆகும் வேளையில் புஷ்பம் உளுந்தைக் கிரைண்டரில் கொட்டினாள். "போடுங்க" என்றாள். வேந்தர் கிரைண்டர் சுவிட்சைப் போட்டார்.

யானை ஒருமுறை உறுமிற்று. கல் கால்வட்டம் சுழன்றது. டக்.

குசினி இருண்டது. ரேடியோ பாதிப் பாட்டில் வாயை மூடியது. அடுத்த வீட்டுக்குத் தனி மீட்டர் என்பதால் அங்கே அம்மன் பாட்டு குறைவின்றி ஒலித்தது, வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக ஒலித்ததுபோல் தங்கராஜாவுக்குப் பட்டது. மீட்டருக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து, விழுந்து கிடந்த சிறு நெம்புகோலைத் தூக்கிவிட்டார். வெளிச்சம் வந்தது. கிரைண்டரைப் போட்டார். டக். கெட்டிலைக் கழற்றிவிட்டுப் போட்டார். டக். உளுந்தைப் பாதி அள்ளிவிட்டுப் போட்டார். டக். அம்மனை வேண்டிக்கொண்டு போட்டார். டக்.

இதுவே முதல் வீழ்ச்சி.

ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்து அவர் பகைவனின் முகத்தை முதன்முறையாக உற்று நோக்கினார். என்னே அவன் சிறுமை! தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்த உருவம். நடுவே ஒரு கறுப்பு நாக்கு. நெற்றியில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும். பி, ஆறு. எழுத்து கம்பனிக்காரன் அடையாளமாக்கும் என்று விட்டுவிட்டார். எண்ணை விடவில்லை. எண்ணோடுதானே அவர் பிழைப்பு!

இங்கே நாம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் ஒரு நாளைக்கு இத்தனை கிலோ கொழுந்து என்று அளவு உண்டு. அதற்குமேல் பறித்தவளை மடுவம் மெச்சும். குறைந்தவளுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலிதான் விழும். ஆகவே தங்கராஜாவின் உலகில் பெரிய எண் என்றால் பெரிய உழைப்பு, சிறிய எண் என்றால் சோம்பல். முப்பது கிலோ நிறுத்தவளின் பெயரை அவர் மூன்று மலைக்குக் கேட்கக் கூவுவார். ஆறு கிலோவோடு வந்தவளை ஏறிட்டும் பாரார். அந்தக் கண்ணோடுதான் அவர் அந்த ஆறைப் பார்த்தார்.

"ஆறு! ஆறே ஆறு அம்பியர்!" என்று அவர் குசினி அதிரப் பிரகடனம் செய்தார். "புஷ்பம், இத்தனை வருசமா இந்தச் சோம்பேறியத்தான் நாம வீட்டுல வச்சிருந்தோமா? இவனால சுமக்க முடியல, அதான் சுமையக் கண்டதும் விழுறான். பெரிய ஆளா ஒருத்தனக் கொண்டாறேன், பாரு!"

பிளேன்டீ குடியாத வாயோடு, முகம் கழுவிய ஈரத்தோடு, ஏழு மணிக்கு முச்சக்கரத் தேரேறிப் பதுளைக்குப் புறப்பட்டார்.

பதுளைக் கடைத்தெருவில் ஸப்ரானின் ஹாட்வெயார் கடை அப்போதுதான் கதவு தூக்கிற்று. உள்ளே கண்ணாடி அலுமாரியில் பிரேக்கர்ப் படை அணிவகுத்து நின்றது. ஆறு, பத்து, பதினாறு, இருபது, முப்பத்திரண்டு, நாற்பது என வரிசை வரிசையாய், உருவத்தில் எல்லாம் ஒன்றேயாய், நெற்றி எண்ணில் மட்டும் வேறாய்! மூலையில் அறுபத்து மூன்று என்ற எண் தாங்கிய மாவீரன் ஒருவன் நிற்கக் கண்டதும் தங்கராஜாவின் விழிகள் மலர்ந்தன.

"அந்த அறுபத்து மூணக் குடுங்க, தம்பி."

"வீட்டுக்கா அண்ணே?" என்றான் ஸப்ரான். "வயரு என்ன சைசுல இரிக்கி?"

"வயரு பழசு. அதான் பிரேக்கர் புதுசா வாங்குறேன்."

ஸப்ரான் தலையைச் சொறிந்தான். "அண்ணே, பிரேக்கரு வயருக்குத்தான் காவல். கிரைண்டருக்கில்ல. வயரத் தெரியாம நான் நம்பர் சொல்லக் கூடாது."

"காவலுக்குப் பெரிய ஆள்தானே நல்லது?" என்று வேந்தர் மடக்கினார். மடக்கிவிட்டோம் என்றே நினைத்தார். கடையில் ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. அறுபத்து மூன்றை வீட்டுக்குத் தரவே மாட்டேன் என்று ஸப்ரான் ஒற்றைக்காலில் நின்றான். முப்பத்திரண்டுக்குக் குறைந்து எதையும் தொடவே மாட்டேன் என்று தங்கராஜா இரண்டு காலிலும் நின்றார். ஈற்றில் முப்பத்திரண்டு வென்றது. "வயரப் பாத்துட்டு மாட்டுங்க அண்ணே" என்று பின்னாலிருந்து கேட்ட குரல், முச்சக்கர வண்டிச் சத்தத்தில் அமுங்கிற்று. சத்தம் இல்லாவிட்டாலும் அவர் காதில் விழுந்திராது.

எட்டரைக்கு வீடு சேர்ந்தார். புஷ்பம் முன்னெச்சரிக்கையாக மெயின் சுவிட்சை இறக்கி, அதைக் கையால் மறைத்துக்கொண்டு காவல் நின்றாள். அவர் திருகாணி கழற்றி, ஆறை இழுத்து எறிந்து, முப்பத்திரண்டைச் சிங்காதனத்தில் ஏற்றினார். மெயின் ஏறியது. கிரைண்டர் சுவிட்ச் விழுந்தது.

ஓடிற்று! கல் உருண்டது, உளுந்து குழைந்தது, யானை பிளிறியது, டக் என்ற சத்தம் இந்த மண்ணை விட்டே ஒழிந்தது! வெற்றி வெறி தலைக்கேற, வேந்தர் ரைஸ் குக்கரைப் போட்டார், நின்றது. கோயிலுக்குப் போகும் சட்டைக்காக இஸ்திரிப்பெட்டியைப் போட்டார்; நின்றது. காலையிலிருந்து தொண்டை காய்ந்து கிடந்தவர், கடைசியாகக் கெட்டிலைப் போட்டார், அதற்கும் நின்றது! "வரச் சொல்லு குணமணிய!" என்று வாசலில் நின்று அறைகூவினார். "முப்பத்திரண்டு! ஆறுக்கு அஞ்சு மடங்கு! நம்ம வீட்டுல இப்ப என்ன வேணாலும் ஓடும்!"

உள்ளே பல்பு மஞ்சளாகி வந்தது. அவர் கவனிக்கவில்லை. கல் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சோர்ந்தது. அதையும் கவனிக்கவில்லை. கெட்டில் முனகத் தொடங்கியது. அதை மட்டும் கவனித்து, கிளாசை எடுத்துத் துடைத்தார்.

புஷ்பந்தான் முதலில் மோந்தாள். "என்னமோ தீயுதுங்க."

"இஸ்திரிப்பெட்டி."

"இல்ல." அவள் அண்ணாந்தாள். கூரையடியில், காய்ந்த விறகு அடுக்கிய பரணுக்கு ஒரு முழம் மேலே, விளக்கு வயரிலிருந்து குசினிக்குக் கிளை பிரித்து முடிந்திருந்த இடத்தில், சுற்றிய டேப் கொப்புளித்து ஒழுகிக்கொண்டிருந்தது. மெல்லிய பழுப்புப் புகை ஒன்று விறகை நோக்கிச் சோம்பலாக இறங்கிற்று.

அவள் பாய்ந்த பாய்ச்சலைப் பாட எம்மிடம் சொல் இல்லை. கிரைண்டரைத் தாண்டி, கணவனைத் தள்ளி, ஒரே எட்டில் மெயின் சுவிட்சை அறைந்து இறக்கினாள். எல்லாம் அடங்கிற்று. புகை மட்டும் இன்னும் இரண்டு மூச்சு விட்டது. பெட்டிக்குள்ளே முப்பத்திரண்டு அசையாமல் நின்றிருந்தது, அது விழவேயில்லை. கூரை பற்றி எரிந்து, பத்துக் காம்பராவும் சாம்பலாகி இருந்தாலும் அது அப்படியேதான் நின்றிருக்கும் என்று தங்கராஜாவுக்கு அந்தக் கணம் புரிந்தது. புரிந்ததும் கையில் இருந்த கிளாசை மெல்லக் கீழே வைத்தார்.

இது இரண்டாம் வீழ்ச்சி. முதலாவதைவிட உயரத்திலிருந்து.

புஷ்பம் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். அரைகுறையாய் அரைபட்டுத் திட்டுத்திட்டாய்க் கிடந்த உளுந்தைப் பார்த்தாள். சுவரில் கடிகாரம் ஒன்பது. அவள் பேசிய குரல் கோயிலில் எழுந்த குரல் இல்லை. பழைய, கடைசி வரிசைக் குரல்.

"உளுந்த குணமணி வீட்டுக்கே அனுப்பிரட்டா?"

அந்தக் கேள்வி தங்கராஜாவின் நெஞ்சில் தைத்தது. இருபது வருடத்தில் ஒரே ஒரு தடவை எழுந்து நின்றவளை உட்கார வைத்துவிட்டோமே என்று வெட்கினார். வேறொரு நாளாக இருந்தால் ஒரு பிரகடனம் செய்திருப்பார். அன்று, "பத்து நிமிசம் பொறு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலிறங்கினார்.

ஏழாம் காம்பராவில் யசோதினி இருந்தாள். தேயிலை ஃபெக்டரியில் மின்வேலை பார்ப்பவள், முறையாகப் படித்து லைசன்ஸ் எடுத்தவள், திருவிழாவுக்கு லீவில் நின்றவள். மூன்று வாசல் தள்ளி இப்படி ஒருத்தி இருக்க, பதுளைக்குப் போய் வந்த வீரரை அவள் ஒன்றும் கேட்கவில்லை. டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்தாள், ஸ்டூலில் ஏறினாள், கருகிய முடிச்சைப் பார்த்தாள், உச்சுக்கொட்டினாள்.

"மாமா, இது லைட்டுக்கு இழுத்த வயரு. ஒரு எம்எம். கூடிப்போனா பத்து, பதினொரு அம்பியர் தாங்கும். நீங்க பத்தொம்பது கிட்ட ஓட்டியிருக்கீங்க. முப்பத்திரண்டு தாண்டுற வரைக்கும் இவன் வாயத் தொறக்க மாட்டான். அதுக்குள்ள வயரு வெந்துரும்."

"ஆனா அந்த ஆறு..." என்று தங்கராஜா தடுமாறினார். "அவன் சுமக்க முடியாமத்தானே விழுந்தான்?"

"விழுறதுதான் மாமா அவன் வேலை. அந்த நம்பர் எவ்வளவு தூக்குவான்னு இல்ல. எவ்வளவு தாண்டினா நிப்பாட்டுவான்னு."

தராசுக்குப் பக்கத்தில் நின்றே வாழ்ந்தவருக்கு இது எளிதில் இறங்கவில்லை. இறங்கியது புஷ்பத்துக்கு, அவள் தராசுக்கு மறுபக்கம் நின்றவள்.

"கூடைக் கயிறு மாதிரிங்க," என்றாள். "கயிறு இத்துப் போயிருக்கு. இருபது கிலோவுக்கு மேல தாங்காது. அப்ப முப்பத்திரண்டு வரைக்கும் போடு போடுன்னு சும்மா நிக்கிற ஆளு எதுக்கு? 'போதும், எறக்கு'ன்னு அறுறதுக்கு முன்னாடி சொல்றவன்தான் நமக்கு வேணும். கயித்தப் பாத்துத்தான் ஆள வைக்கணும்."

"அதேதான் அத்தை!" என்று ஸ்டூலின் மேலிருந்து யசோதினி சிரித்தாள்.

தங்கராஜா சிரிக்கவில்லை. அவர் மனைவியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடைக் கயிறு இருபது வருடம் அழுத்திய இடத்தில், உச்சிக்குச் சற்று முன்னால், முடி தேய்ந்து ஒரு தடம் இருந்தது. அந்தத் தலை சுமந்து வந்த கிலோக்களை எல்லாம் அவர் ஒன்று விடாமல் கூவியிருக்கிறார். கயிற்றைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. போர்க்களத்தின் நடுவே வேந்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று சொல்லிக்கொண்டார்.

பின்னர் மூவரும் மந்திராலோசனையில் அமர்ந்தனர். யசோதினி ஒவ்வொரு சாமானையும் புரட்டி, அடியில் எழுதியிருந்ததைப் படித்தாள். எண்களைக் கூவும் உரிமை தங்கராஜாவுக்கே விடப்பட்டது. "கிரைண்டர், ஆயிரத்து நூறு வாட்ஸ்! கெட்டில், ஆயிரத்து ஐந்நூறு! ரைஸ் குக்கர், எழுநூறு!" இஸ்திரிப்பெட்டிக்கு இன்று ஓய்வு என்று யசோதினி அதைத் தள்ளி வைத்தாள். மொத்தம் மூவாயிரத்து முந்நூறு. அதை வீட்டுக்கு வரும் இருநூற்று முப்பது வோல்ட்டால் வகுத்தால் பதினாலே சொச்சம் அம்பியர். ஆகவே பதினாலுக்குக் கீழான ஆள் உதவான், சும்மா சும்மா விழுவான். குசினிக்கென்று பெட்டியிலிருந்தே தனியாக இரண்டரை எம்எம் வயர் இழுத்தால் அது இருபது அம்பியர் தாங்கும். ஆகவே இருபதுக்கு மேலான ஆளும் உதவான், வயர் வேகப் பார்த்திருப்பான். சுமைக்கு மேலே, கயிற்றுக்குக் கீழே, நடுவில் நிற்கத் தக்கவன் யார்?

"பதினாறு!" என்று கூவினார் தங்கராஜா. அவர் வாழ்நாளில் பெரிய எண் இருக்கச் சிறிய எண்ணை மகிழ்ந்து கூவியது அதுவே முதல் தடவை.

"பதினாறுலயும் சி எழுத்து போட்டதாக் கேளுங்க மாமா," என்றாள் யசோதினி. "மோட்டர் கிளம்புறப்ப ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். பி அதுக்கே பயந்து விழுந்துருவான். காலையில நடந்தது அதுதான். சி கொஞ்சம் பொறுமைக்காரன், அந்த ஒரு இழுப்பப் பொறுத்துக்குவான். லைட்டு வயர அறுத்துத் திருப்பி முடியிறேன், அதுக்கு உங்க பழைய ஆறே போதும்."

எறியப்பட்ட ஆறை விறகுக் குவியலுக்குள்ளிருந்து தேடியெடுத்து, சட்டையில் துடைத்து, தங்கராஜா இரு கையாலும் நீட்டினார். அதனிடம் மன்னிப்புக் கேட்டாரா என்பது எமக்குத் தெரியாது. உதடு அசைந்தது.

பதுளைக்கு மறுபடி போய்வர நேரமில்லை. ஃபோன் போயிற்று. "இப்பத்தான் அண்ணே வயரப் பத்திப் பேசுறீங்க," என்று மறுமுனையில் ஸப்ரானின் குரல் குளிர்ந்தது. மலைநாட்டில் மருந்தும் மாலையும் கலியாணக் கார்டும் போகும் வழியிலேயே, வயரும் புதிய பிரேக்கரும் கட்டிய பார்சல் பஸ் கொண்டக்டர் கையில் ஏறிற்று. மேல் வளைவுத் தரிப்பில் தங்கராஜா ஒற்றைக் கொக்காய்க் காத்து நின்றார். பஸ் பத்து மணிக்கு வரவேண்டியது, பத்தேகாலுக்கு வந்தது. முழுதாக நிற்கவும் இல்லை. கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி நீட்ட, வேந்தர் ஓடியபடி பற்ற, தேயிலைச் சரிவின் குறுக்குப் பாதையில் அவர் இறங்கி ஓடிய ஓட்டத்தில் செருப்பொன்று வழியிலேயே உபயமாயிற்று.

யசோதினி வயர் இழுத்தாள். தங்கராஜா ஸ்டூல் பிடித்தார், கிளிப் எடுத்துக் கொடுத்தார், கேட்டாலொழிய வாய் திறக்கவில்லை. லயத்துப் பெண்கள் வாசலில் மூன்று அடுப்பு மூட்டி எண்ணெய்ச் சட்டி ஏற்றினார்கள். குணமணி வீட்டுப் பக்கமிருந்து யாரோ இருமுறை வந்து எட்டிப் பார்த்துப் போனதாகச் செய்தி வந்தது. பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் யசோதினி கீழே இறங்கிக் கையைத் தட்டினாள். "மாமா, நீங்களே ஏத்துங்க."

கேட்பவர் வயிற்றில் புளி கரையாதிருக்க, நடக்கப் போவதை இங்கேயே சொல்லிவிடுகின்றோம்: பூசை மணி அடிப்பதற்குப் பதினைந்து நிமிடம் முன்னால், முந்நூற்றுப் பன்னிரண்டு வடை, வாழையிலை போர்த்திய மூன்று கூடைகளில், கோயில் வாசலில் இறங்கின. குணமணி ஒன்றை எடுத்துப் பிட்டாள், ஊதினாள், தின்றாள், இன்னொன்றையும் எடுத்தாள். "மாவு நல்லா அரைபட்டிருக்கு, புஷ்பம்," என்றாள், நாற்பது பேர் கேட்க. அடுத்த வருடத்து உபயக் கூட்டத்தில் புஷ்பத்துக்கு முன் வரிசையில் பாய் போட்டார்கள். இவையெல்லாம் பின்னால்.

இப்போதோ, தங்கராஜாவின் விரல் அந்தச் சிறு நெம்புகோலின் கீழே நின்றது. நெற்றியில் சியும் பதினாறும் தரித்த புதியவனை அவர் பார்த்தார். ஏற்றினார். கிரைண்டர் வெட்டி இழுத்தது, புதியவன் அசையவில்லை. கல் உருண்டது, நின்றான். ரைஸ் குக்கர் ஏறிற்று, நின்றான். பல்பு மங்கவில்லை, டேப் கொப்புளிக்கவில்லை. இஸ்திரிப்பெட்டியை நோக்கித் தாமாகவே நீண்ட கையைத் தங்கராஜா தாமாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வெற்றிகளில் பெரிது அதுவே. ஐந்து நிமிடம் போயிற்று. ஸ்டூலில் ஏறிப் புது வயரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. அப்போது புஷ்பம், யாரும் சொல்லாமல், கெட்டிலில் தண்ணீர் ஊற்றி அதையும் போட்டாள். மூன்றும் ஒன்றாக ஓடின. மூன்றையும் சுமந்து, தாண்டினால் விழுவதற்கும் ஆயத்தமாய், அவன் நின்றான்.

அந்நேரம் லயம் திரண்டு வாசலில் நிற்க, வெண்ணுரை பொங்க உளுந்து குழைய, எண்ணெய் கொதிக்க, அம்மன் கோயில் மேளம் மலைமேலிருந்து இறங்கி வர, இருமுறை வீழ்ந்து ஒருமுறை எழுந்த நிறுவைவேந்தர், கயிறறிந்து சுமை தெரிந்து எண் துணிந்த பெருந்தகை, ஒற்றைச் செருப்போடு ஸ்டூலின் உச்சியில் நிமிர்ந்து, தொண்டையைக் கனைத்து, வலக்கையை வானளாவ உயர்த்தி, மூன்று மலைக்கும் கேட்கும்படி தமது மாபெரும் பிரகடனத்தைத் தொடங்க வாய் திறக்கும் தருணத்தில், மாவு படிந்த கையொன்று கீழிருந்து எழுந்து, காலை ஆறரை முதல் அவர் காத்திருந்த கிளாசை அந்த உயர்த்திய கையில் வைத்தது.

பிளேன்டீயில் சீனி கொஞ்சம் குறைவாக இருந்தது.